கீழறையின் வரைபடம்

மருத்துவ மாணவர்கள், செவிலியர்கள், ஆசிரியர்கள், திராட்சைத் தோட்டத்தையும் ஏலக்காய்க் காட்டையும் நம்பிப் பிழைப்பவர்கள் எனப் பலரும் கலந்து அமர்ந்திருக்கும் அவை இது. அதனால் மருத்துவர்களுக்குள் பேசிக்கொள்ளும் மொழியை இயன்றவரை குறைத்துக்கொள்கிறேன். விஷயத்தைக் குறைக்க மாட்டேன். இதயம் எல்லாருக்கும் இருக்கிறது. அதைப் பற்றி முழுதாகத் தெரிந்துகொள்ளும் உரிமையும் எல்லாருக்கும் உண்டு.

இதயத்தின் கீழறைகளில் எழும் துடிப்புக் கோளாறு ஓர் ஆளைச் சாய்க்கச் சில நிமிடம் போதும். அது எந்த இடத்தில் எழுகிறது என்று கண்டுபிடித்து, அந்த இடத்தை மட்டும் அணைக்கக் கற்றுக்கொள்ள மருத்துவ உலகத்துக்கு ஏறத்தாழ நூறு ஆண்டுகள் ஆயின. அந்தக் கதையை இன்று சொல்லப் போகிறேன். கூடவே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. இந்த வரைபடத்தின் முதல் கோட்டைப் போடுவது பெருநகரத்து இதயச் சிகிச்சைக்கூடமான கேத் லேப் இல்லை. கம்பத்திலும் உத்தமபாளையத்திலும் சின்னமனூரிலும் போடியிலும் நோயாளி முதலில் வந்து சேரும் மருத்துவமனையில், ஓர் இ.சி.ஜி. தாளில் அந்தக் கோடு விழுகிறது. அது காணாமல் போனால் பின்னால் நடக்கும் வேலை எல்லாம் தடுமாறுகிறது. ஏன் என்பதைப் படிப்படியாகச் சொல்கிறேன்.

இதயத்தின் மேலறையில் பிறக்கும் மின் துடிப்பு நடுவில் ஒரு கணுவில் சற்றே தாமதித்து, பிறகு கீழறைகளின் உட்சுவரில் பரவியிருக்கும் பர்கிஞ்சி இழைகள் வழியாகப் பாய்கிறது. அந்த இழைகளில் அதன் வேகம் நொடிக்கு 2 முதல் 4 மீட்டர். சாதாரண இதயத் தசையில் ஒரு மீட்டருக்கும் குறைவு. விரைவுப் பாதை இருப்பதால்தான் இரண்டு கீழறைகளும் பத்தில் ஒரு நொடிக்குள் ஒன்றாகச் சுருங்குகின்றன, இ.சி.ஜி.யில் குறுகலான கூர்முனை தெரிகிறது. துடிப்பு இந்தப் பாதையை விட்டுவிட்டுக் கீழறையின் ஏதோ ஒரு மூலையில் தானே கிளம்பித் தசை வழியே ஊர்ந்து பரவினால் அந்தக் கூர்முனை அகன்றுவிடும். அது தொடர்ந்து வேகமாக ஓடுவதைத்தான் வென்ட்ரிக்குலர் டாக்கிகார்டியா என்கிறோம். மருத்துவமனை வழக்கில் அது வி.டி. அப்போது இதயம் நிமிடத்துக்கு 150, 180, 200 என்று துடிக்கும். சிலர் அந்த நிலையிலும் எழுந்து உட்கார்ந்து பேசுவார்கள்; சிலர் அப்படியே சரிந்துவிடுவார்கள். ஒழுங்கு முழுக்கக் குலைந்து கீழறை வெறுமனே நடுங்கத் தொடங்கினால் அது வி.எஃப். அப்போது இரத்தம் வெளியே போகாது. ஷாக் கொடுக்காவிட்டால் உயிர் போய்விடும்.

எல்லாக் கீழறைக் கோளாறுக்கும் ஓர் இடம் உண்டு என்று நினைத்துவிடக் கூடாது. உடம்பில் பொட்டாசியம் சரிந்தாலும், சில மருந்துகளாலும், பூச்சிமருந்து உடலுக்குள் போனாலும் முழு இதயமும் நிலைகுலையும். அங்கே வரைபடத்துக்கு வேலை இல்லை. காரணத்தை நீக்குவதே வைத்தியம். நான் பேசுவது இடம் உள்ள கோளாறுகளைப் பற்றி. அவற்றில் பெரும்பகுதி பழைய மாரடைப்பின் தழும்பில் பிறப்பவை.

மாரடைப்பில் செத்துப்போகும் தசை சில வாரங்களில் நார்த் தழும்பாகிவிடுகிறது. தழும்பில் மின்சாரம் ஓடாது. ஆனால் தழும்பு முழுக்கச் செத்த இடமாக இருப்பதில்லை. நடுநடுவே பிழைத்துக்கொண்ட தசை இழைகள் கிடக்கும். நம் கம்பம் பள்ளத்தாக்கில் வாய்க்காலும் மடையும் அறியாதவர் இல்லை. பாறையாகிப்போன ஒரு வயலின் குறுக்கே வளைந்து வளைந்து ஒற்றை வாய்க்கால் மட்டும் மிஞ்சியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சுற்றியுள்ள நல்ல வயலில் தண்ணீர் சட்டென்று பரவி வடிந்துவிடுகிறது. வாய்க்காலுக்குள் நுழைந்த தண்ணீரோ மெதுவாக நகர்ந்து மறுமுனையில் வெளிவருகிறது. அதற்குள் நல்ல வயல் காய்ந்து மறுபடி நீர் வாங்கத் தயாராகிவிட்டது. வெளிவந்த நீர் மீண்டும் வயலைச் சுற்றிப் பரவி, வாய்க்காலின் தலைப்புக்கே வந்து மறுபடி உள்ளே நுழைகிறது. இந்தச் சுற்றுக்கு முடிவே இல்லை. நிறுத்த வேண்டுமானால் முழு வயலையும் தோண்ட வேண்டியதில்லை. வாய்க்காலில் சரியான இடத்தில் ஒரு மடையை அடைத்தால் போதும். ஆம்ஸ்டர்டாமின் ஜாக் டி பாக்கர் 1993இல் மாரடைப்பு வந்த மனித இதயத் தசையை ஆராய்ந்து, பிழைத்த இழைகளில் மின் அலை நேர்க்கோட்டில் போகாமல் இப்படி நெளிந்து நெளிந்தே நகர்கிறது என்பதைக் காட்டினார். அந்த நெளிவே தாமதத்துக்குக் காரணம்.

இந்தச் சுழற்சியை முதலில் தெளிவாக விளக்கியவர் கேம்பிரிட்ஜில் பணியாற்றிய ஜார்ஜ் ரால்ஃப் மைன்ஸ். ஆமை இதயத்தில் வளையம்போல் தசையை அறுத்தெடுத்து, அதில் ஒரு துடிப்பு நிற்காமல் சுற்றிச் சுற்றி ஓடுவதை 1913இல் எழுதினார். வளையத்தை ஓர் இடத்தில் வெட்டினால் சுழற்சி நின்றுவிடும் என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. அடுத்த ஆண்டே கனடாவின் மெக்கில் பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில், கருவிகள் உடலில் பொருத்தப்பட்ட நிலையில் நினைவிழந்து கிடந்தார், அன்றிரவே இறந்தார். வயது 28. கோளாறு எழும் இடத்தைச் சுட்டு அணைப்பதை அப்லேஷன் என்கிறோம். துடிப்புக் கோளாறு மருத்துவர்களான நாங்கள் இன்று செய்யும் ஒவ்வொரு அப்லேஷனும் அந்த இளைஞர் வளையத்தில் போட்ட வெட்டின் தொடர்ச்சிதான்.

மனித இதயத்தின் மின் வரைபடம் கிடைக்க மேலும் அரை நூற்றாண்டு ஆயிற்று. ஆம்ஸ்டர்டாமில் டிர்க் டுரர் குழுவினர், இதய நோய் இல்லாமல் இறந்தவர்களின் இதயங்களை உடலுக்கு வெளியே துடிக்கவைத்து, தசைக்குள் நூற்றுக்கணக்கான மின்முனைகளைச் செருகி, எந்த இடம் எத்தனை மில்லிநொடியில் விழிக்கிறது என்று பதிவுசெய்தார்கள். 1970இல் வெளியான அந்தக் கட்டுரையின் படங்கள் இன்றும் எங்கள் பாடநூல்களில் இருக்கின்றன. 1972இல் ஹைன் வெலன்ஸ் வி.டி.யைச் செயற்கைத் துடிப்புகளால் தொடங்கவும் நிறுத்தவும் முடியும் என்று காட்டினார். விரும்பும்போது வரவழைக்க முடிந்தால்தானே அதை அளக்க முடியும்? அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் மார்க் ஜோசப்சன், நுனியில் மின்முனை உள்ள மெல்லிய குழாயான கதீட்டரைக் கீழறைக்குள் இடம் இடமாக நகர்த்தி, வி.டி. ஓடும்போதே எந்த இடம் முதலில் விழிக்கிறது என்று தேடினார். 1979இல் அவரும் அறுவைநிபுணர் ஆல்டன் ஹார்க்கனும் அந்த இடத்து உட்சுவரைச் சீவி எடுக்கும் அறுவைச் சிகிச்சையை அறிவித்தார்கள். பலருக்கு நோய் நின்றது. ஆனால் நெஞ்சைத் திறக்க வேண்டும், பலவீனமான இதயங்கள் அதைத் தாங்கவில்லை.

மருந்தால் முடியாதா? 1980களில் எல்லாரும் அப்படித்தான் நம்பினார்கள். மாரடைப்புக்குப் பிறகு கீழறையிலிருந்து வரும் தனித் துடிப்புகளை மாத்திரையால் அடக்கினால் திடீர் மரணம் குறையும் என்பது எண்ணம். காஸ்ட் என்ற ஆய்வு அதைச் சோதித்தது. 1989இல் வந்த முடிவு மருத்துவ உலகத்தை உலுக்கியது. என்கைனைடும் ஃபிளெக்கைனைடும் தனித் துடிப்புகளை நன்றாகவே அடக்கின. ஆனால் மருந்து சாப்பிட்டவர்கள்தான் அதிகம் இறந்தார்கள். இ.சி.ஜி. அழகாகத் தெரிவதும் ஆள் பிழைப்பதும் வேறு வேறு என்பதை அந்த ஆய்வு எங்களுக்குக் கற்பித்தது. மாணவர்கள் இதை மறக்கக் கூடாது.

இன்னொரு பக்கம் மிஷெல் மிரோவ்ஸ்கி இருந்தார். தன் ஆசிரியரான ஹாரி ஹெல்லர் 1966இல் மீண்டும் மீண்டும் வந்த வி.டி.யால் இறந்ததைக் கண்ட மருத்துவர் அவர். உடலுக்குள்ளேயே இருந்து, ஆபத்து வந்த கணமே ஷாக் கொடுக்கும் கருவியை உருவாக்கியே தீருவது என்று பிடிவாதமாக உழைத்தார். 1980 பிப்ரவரியில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் ஐ.சி.டி. எனப்படும் அந்தக் கருவி முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. இன்று உலகமெங்கும் எண்ணற்ற உயிர்கள் அதனால் நிற்கின்றன. ஆனால் ஐ.சி.டி. நோயை நீக்குவதில்லை, வந்ததும் அடித்து நிறுத்துகிறது. விழித்திருக்கும்போது அந்த அடி நெஞ்சில் விழுந்தவர்களிடம் பேசிப் பாருங்கள். அடுத்தது எப்போது என்ற அச்சத்திலேயே வாழ்க்கை சுருங்கிப்போகும். சிலருக்கு ஒரே நாளில் மூன்று, நான்கு என்று வரும். அதை வி.டி. புயல் என்று அழைக்கிறோம்.

ஆக, இடத்தைக் கண்டுபிடித்து அணைப்பதற்கு மாற்று இல்லை. கதீட்டர் நுனியில் ரேடியோ அலை மின்சாரம் பாய்ச்சித் தசையை 50 டிகிரிக்கு மேல் சூடாக்கினால் அந்த இடம் மின்சாரம் கடத்தாத சிறு தழும்பாகிவிடும். அந்த முறை 1980களின் பிற்பகுதியில் கைக்கு வந்துவிட்டது. கண்தான் இல்லை. எக்ஸ்ரே திரையில் கதீட்டர் ஒரு கறுப்புக் கோடாக நெளியும். இதயச் சுவர் தெரியாது. ஐந்து நிமிடத்துக்கு முன் தொட்ட இடத்துக்குத் திரும்பப் போக வேண்டுமென்றால் மருத்துவரின் நினைவுதான் துணை.

கண் கொடுத்தது இஸ்ரேலின் ஹைஃபா நகரத்து டெக்னியான் நிறுவனம். ஷ்லோமோ பென்ஹைம், லியோர் கெப்ஸ்டீன் ஆகியோர் 1997இல் முழு விவரத்தோடு வெளியிட்ட முறை இன்று கார்ட்டோ என்ற பெயரில் வழங்குகிறது. நோயாளியின் மேசைக்கு அடியில் மூன்று சுருள்கள் மிக மெல்லிய காந்தப்புலங்களை எழுப்பும். கதீட்டர் நுனியில் உள்ள உணரி அவற்றை அளந்து தான் எங்கே இருக்கிறது என்பதை மில்லிமீட்டர் துல்லியத்தில் சொல்லும். அதே நுனி அந்த இடத்தின் மின்சாரத்தையும் பதிவுசெய்யும். இடமும் மின்சாரமும் சேர்ந்து ஒரு புள்ளி. புள்ளிகள் சேரச் சேரக் கணினித் திரையில் கீழறை முப்பரிமாணத்தில் வண்ணத்தோடு எழுந்து நிற்கும். எக்ஸ்ரேயை அணைத்துவிட்டுக்கூட வேலை செய்யலாம். பிறகு வேறு நிறுவனங்களும் மின்தடையை அளக்கும் முறை, இரண்டையும் கலந்த முறை என்று கொண்டுவந்தன.

அதற்குப் பிறகும் ஒரு பெரிய முட்டுக்கட்டை இருந்தது. வி.டி. ஓடும்போதுதான் அதன் சுற்றை நேரடியாகத் தேட முடியும். ஆனால் தழும்பேறிய இதயம் உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு வி.டி. தொடங்கியதும் இரத்த அழுத்தம் விழுந்துவிடும். ஷாக் கொடுத்து நிறுத்தத்தான் நேரம் இருக்கும். இந்தக் கட்டையை உடைத்தவர் பென்சில்வேனியாவின் ஃபிரான்சிஸ் மார்ச்லின்ஸ்கி. 2000இல் அவர் குழு வெளியிட்ட கட்டுரையின் சாரம் இதுதான்: வி.டி. ஓட வேண்டியதில்லை, இதயம் இயல்பாகத் துடிக்கும்போதே தழும்பைப் படியுங்கள். இருமுனைப் பதிவில் 1.5 மில்லிவோல்ட்டுக்கு மேல் இருந்தால் நல்ல தசை. 0.5க்குக் கீழ் இருந்தால் அடர்ந்த தழும்பு. இடைப்பட்டது எல்லைப் பகுதி. நல்ல தசை ஊதாவாகவும் தழும்பு சிவப்பாகவும் திரையில் வரும். அந்த எல்லையின் குறுக்கே அப்லேஷன் புள்ளிகளை வரிசையாக வைத்தார்கள். பல ஆண்டுகளாகக் கைவிடப்பட்டிருந்த நோயாளிகளுக்கு அன்று வாசல் திறந்தது. எங்கள் துறையில் இதைவிடப் பெரிய மனத்திருப்பம் ஒன்று நிகழ்ந்ததாக நான் எண்ணவில்லை. கருவி மாறியதைவிடக் கேள்வி மாறியதுதான் இங்கே முக்கியம். 'எங்கே ஓடுகிறது' என்று கேட்டுக்கொண்டிருந்தவர்கள், 'எங்கே ஓட முடியும்' என்று கேட்கத் தொடங்கினார்கள்.

பிரேசிலில் வேறொரு தேவை. அங்கே சாகஸ் என்ற ஒட்டுண்ணி நோய் பலருக்கு இதயச் சுவரின் வெளிப்புறத்தில் தழும்புகளை உண்டாக்குகிறது; அவர்களுக்கு உள்ளே எவ்வளவு தேடினாலும் கிடைக்காது. சாவ் பாவ்லோவின் எட்வர்டோ சோசா, நெஞ்செலும்பின் கீழ்முனைக்கு அடியில் ஊசி செலுத்தி, இதயத்துக்கும் அதன் உறைக்கும் இடையிலுள்ள மெல்லிய வெளிக்குள் கதீட்டரைக் கொண்டுபோகும் வழியை 1996இல் அறிவித்தார். ஏழைகளின் நோய்க்காகப் பிறந்த அந்த வழி இன்று உலகத்தின் எல்லாப் பெரிய மையங்களிலும் புழங்குகிறது. தாய்லாந்தில் உறக்கத்திலேயே இறந்துபோகும் இளைஞர்களைப் பற்றி ஆராய்ந்த கூன்லவீ நடேமணி, புருகாடா நோயுள்ள ஒன்பது பேரின் இதயத்தை வெளிப்புறத்திலிருந்து வரைந்து, வலது கீழறை மேல்வாயின் முன்சுவரில் மட்டும் தாமத மின்குறிகள் இருப்பதை 2011இல் காட்டினார். அந்த இடத்தை அணைத்தபோது பெரும்பாலோருக்கு வி.எஃப். திரும்ப வரவில்லை. மரபணு நோய், இடம் கிடையாது என்று எல்லாரும் ஒதுக்கிவைத்திருந்த நோய் அது.

கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் வந்த முன்னேற்றம் பெரும்பாலும் நுணுக்கத்தில். பழைய கதீட்டரின் நுனி 3.5 முதல் 4 மில்லிமீட்டர் நீளம். அவ்வளவு பெரிய மின்முனை தனக்கு அடியில் உள்ள எல்லாவற்றையும் கலந்து சராசரியாகச் சொல்லும். மெல்லிய பிழைத்த இழை அதில் மூழ்கிவிடும். இப்போது ஒரு மில்லிமீட்டர் மின்முனைகள் பலவற்றை நெருக்கமாகக் கோத்த, விரிந்த கைபோன்ற கதீட்டர்களும் சதுரக் கட்டம் போன்றவையும் வந்துவிட்டன. முன்பு ஒவ்வொரு புள்ளியாகத் தொட்டு நூறு, இருநூறு எடுத்தால் பெரிது. இப்போது சில பத்து நிமிடங்களில் ஆயிரக்கணக்கில் சேர்கின்றன. சதுரக் கட்டக் கதீட்டருக்கு இன்னொரு சிறப்பும் உண்டு. மின் அலை எந்தத் திசையில் வருகிறது என்பதைப் பொறுத்து ஒரே தசை சில சமயம் நன்றாகவும் சில சமயம் தழும்பாகவும் தோன்றும். குறுக்கும் நெடுக்குமாக அளக்கும்போது அந்த ஏமாற்றம் குறைகிறது.

வெறும் மின்னழுத்த அளவும் போதாது என்பது பிறகு புரிந்தது. தழும்புக்குள் ஒவ்வொரு துடிப்பிலும் கடைசியாக விழிக்கும் சிறு முனகல்களைத் தேடி அணைக்கும் முறையைப் பிரான்சின் போர்தோ குழுவினர் 2012இல் வெளியிட்டார்கள். அதன் அடுத்த கட்டமாக, மின் அலை எங்கே திடீரென்று வேகம் குறைகிறது என்பதை வண்ணக் கோடுகளாக வரைகிறோம். கோடுகள் நெருங்கி நெருங்கி அடர்ந்த இடமே பெரும்பாலும் வி.டி.யின் வாய்க்கால். வேண்டுமென்றே முன்கூட்டிய ஒரு துடிப்பைக் கொடுத்து, எந்த இடம் திணறுகிறது என்றும் பார்க்கிறோம். அமைதியில் தெரியாத பலவீனம் அந்தத் திணறலில் தெரிந்துவிடும். எம்.ஆர்.ஐ., சி.டி. படங்களில் தெரியும் தழும்பையும் மெலிந்த சுவரையும் முன்கூட்டியே கணினியில் ஏற்றிக்கொண்டு உள்ளே போகிறோம். ஜான்ஸ் ஹாப்கின்ஸில் நடாலியா ட்ரயனோவா குழுவினர் நோயாளியின் எம்.ஆர்.ஐ.யிலிருந்து ஒரு கணினி இதயத்தையே உருவாக்கி, அப்லேஷனை முதலில் அதில் செய்து பார்க்கும் முறையை 2018இல் வெளியிட்டார்கள்.

கதீட்டரே இல்லாத வழியும் வந்திருக்கிறது. செயின்ட் லூயிஸ் நகரத்து வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் யோரம் ரூடி உருவாக்கிய முறையில், 256 மின்முனைகள் உள்ள சட்டையை அணிவித்து, சி.டி. படத்தோடு இணைத்து, உடலின் மேற்பரப்பிலிருந்தே இதயத்தின் மின் வரைபடத்தைக் கணக்கிடலாம். அதே பல்கலைக்கழகத்தின் ஃபிலிப் குக்குலிச் குழுவினர் அந்த வரைபடம் காட்டிய இடத்துக்குப் புற்றுநோய்க் கதிர்வீச்சுக் கருவியால் ஒரே தடவை 25 கிரே கதிர்வீச்சு கொடுத்தார்கள். எல்லா வழியும் அடைபட்ட ஐந்து நோயாளிகள். சிகிச்சைக்கு முந்தைய மூன்று மாதத்தில் அவர்களுக்கு வந்த வி.டி. மொத்தம் 6,577 தடவை. சிகிச்சைக்குப் பின் முதல் ஆறு வாரம் கழித்துக் கணக்கிட்டபோது, எல்லாருக்குமான 46 மாதங்களில் நான்கே தடவை. ஆனால் ஐவரில் ஒருவர் சிகிச்சைக்குப் பின் மூன்றாவது வாரத்தில் பக்கவாதத்தால் இறந்தார். 2017இல் வந்த இந்த முடிவு சிறியது. நீண்டகால விளைவுகளைத் தொடர்ந்து கவனித்துக்கொண்டிருக்கிறார்கள். நம்பிக்கையாக ஏந்திக்கொள்ளலாம், அவசரப்பட்டுப் பரப்பக் கூடாது. புயலாக வரும் வி.டி.க்கு இதயத்துக்குப் போகும் நரம்பு முடிச்சுகளை நீக்கும் சிகிச்சையும் உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்று, கலிஃபோர்னியாவில் துடிப்புக் கோளாறு மையத்தை நடத்தும் கல்யாணம் சிவகுமாரின் குழு அதில் முன்னோடி.

இத்தனைக்கும் பிறகு பலன் என்ன? 2024இல் வெளியான வேனிஷ்-2 ஆய்வில் மாரடைப்புக்குப் பின் வி.டி. வந்த 416 பேர் இருந்தார்கள். முதல் சிகிச்சையாக ஒரு பாதிக்கு அப்லேஷன், மறுபாதிக்கு மருந்து. மரணம், புயல், ஷாக் ஆகியவற்றோடு ஐ.சி.டி. கருவி கண்டறியாத வி.டி.யையும் சேர்த்துப் பார்த்தால், நான்கு ஆண்டுக்கு மேல் கவனித்ததில் அப்லேஷன் பெற்றவர்களில் 50.7 சதவீதத்தினருக்கும் மருந்து பெற்றவர்களில் 60.6 சதவீதத்தினருக்கும் ஏதேனும் ஒன்று நேர்ந்தது. மரணத்தை மட்டும் தனியே எடுத்தால் தெளிவான வேறுபாடு நிறுவப்படவில்லை. அப்லேஷன் மேலானதுதான், ஆனால் இருவரில் ஒருவருக்கு இன்னும் தொல்லை வருகிறது. நோயாளியின் குடும்பத்திடம் இந்த எண்ணை மறைக்காமல் சொல்ல வேண்டும் என்பது என் கருத்து.

இனி நம் நாட்டுக்கு வருகிறேன். மேலைநாட்டுப் பாடநூலில் குறைவாகவும் நம்மிடையே அதிகமாகவும் இருக்கும் ஒரு காரணம் காசநோய். உலகின் காசநோயாளிகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் இந்தியர். ஹைதராபாத் கேர் மருத்துவமனையில் மருத்துவர் சி. நரசிம்மன் குழுவினர், இதயத்தின் பலம் குறையாமலே வி.டி. வந்தவர்களின் நெஞ்சுக்கூட்டில் நிணநீர்க் கட்டிகள் வீங்கியிருப்பதைக் கவனித்தார்கள். கட்டிகளை ஊசியால் எடுத்துச் சோதித்தபோது சிலருக்குக் காசநோய், சிலருக்கு சார்காய்டோசிஸ் என்ற அழற்சி நோய். 2011இல் அமெரிக்க இதயவியல் கல்லூரியின் இதழில் அது வெளிவந்தது. இதன் பொருள் பெரியது. எக்கோ நன்றாக இருக்கிறது, ஆஞ்சியோவில் அடைப்பு இல்லை, ஆகவே காரணம் தெரியாத வி.டி. என்று எழுதிவிட்டால், மருந்தால் அடக்கக்கூடிய ஒரு நோயைத் தவறவிட்டுவிடுவோம். அழற்சி கனன்றுகொண்டிருக்கும்போது செய்யும் அப்லேஷனும் நிலைக்காது; இன்று அணைத்த இடத்துக்குப் பக்கத்தில் நாளை இன்னொன்று முளைக்கும். ஆகவே இந்த நாட்டில் கீழறை வரைபடம் எழுதுபவர் நெஞ்சு சி.டி.யையும் பெட் ஸ்கேனையும் தன் வரைபடத்தின் பகுதியாகவே எண்ண வேண்டும்.

இளவயதினருக்கு வரும் ஒரு வகையும் உண்டு. இதயத்தில் எந்தக் குறையும் இருக்காது. இடது கீழறையின் பர்கிஞ்சி இழை ஒன்றில் சுற்று ஓடும். நெஞ்சு படபடவென்று அடிக்கிறது என்று வருவார்கள். வெராபமில் ஊசிக்கு நின்றுவிடும். கூர்முனை அவ்வளவு அகலமாக இல்லாததால் மேலறைக் கோளாறு என்றே பலமுறை எழுதப்படும். வலது கீழறை மேல்வாயிலிருந்து தனித் துடிப்புகள் ஆயிரக்கணக்கில் வருவது இன்னொரு வகை. இந்த இரண்டிலும் அப்லேஷனின் பலன் மிக நன்று. பெரும்பாலோர் மாத்திரையே இல்லாமல் வாழலாம். வருத்தம் என்னவென்றால், குறிப்பாகப் பெண்கள் படபடப்பு என்று சொன்னால் பயம், வாயு, மனக்கவலை என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிடுகிறோம். ஆண்டுக்கணக்கில் அப்படி அலைந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். படபடப்பு இருக்கும் நேரத்தில் எடுத்த ஓர் இ.சி.ஜி. அவர்களைக் காப்பாற்றியிருக்கும்.

இங்கேதான் முதல் கோட்டுக்கு வருகிறேன். பன்னிரண்டு கோணத்து இ.சி.ஜி. எங்களுக்கு இடத்தைச் சொல்கிறது. வி1 கோட்டில் அலை மேல்நோக்கி இருந்தால் பெரும்பாலும் இடது கீழறை. கீழ்நோக்கி இருந்தால் வலது கீழறை அல்லது நடுச்சுவர். கால்பக்கக் கோடுகளான 2, 3, ஏ.வி.எஃப். மூன்றிலும் அலை மேல்நோக்கினால் மேற்பகுதியிலிருந்தும், கீழ்நோக்கினால் அடிச்சுவரிலிருந்தும் வருகிறது. கேத் லேபில் தழும்பை வரைந்து முடித்த பிறகு, சந்தேகமான ஒவ்வோர் இடத்திலிருந்தும் செயற்கைத் துடிப்பு கொடுத்து, அதன் இ.சி.ஜி. நோயாளியின் வி.டி.யோடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்போம். ஒரே தழும்பிலிருந்து மூன்று, நான்கு விதமான வி.டி. வரவழைக்க முடியும். இந்த மனிதரைச் சாய்த்தது எது? ஒப்பிட மூலப் படம் வேண்டும். அது இல்லாவிட்டால் மணிக்கணக்கில் வேலை செய்து, அவருக்கு என்றுமே வராத ஒன்றை அணைத்துவிட்டு வெளியே வரும் அபாயம் உண்டு.

கம்பத்திலிருந்து மதுரைக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல். மேகமலை எஸ்டேட்டிலிருந்தோ, கம்பமெட்டு, போடிமெட்டு தாண்டி ஜீப்பில் ஏலக்காய் வேலைக்குப் போகும் இடத்திலிருந்தோ என்றால் இன்னும் தூரம். மலை இறங்கி வருபவர் நேராக மதுரைக்கோ சென்னைக்கோ வேலூருக்கோ திருவனந்தபுரத்துக்கோ வருவதில்லை. ஊர் அரசு மருத்துவமனைக்கோ, க.விலக்கு மருத்துவக் கல்லூரிக்கோ வருகிறார். அங்கே உயிரைக் காப்பாற்றி ஷாக் கொடுத்து அனுப்புகிறார்கள். அது மகத்தான வேலை. ஆனால் பரிந்துரைச் சீட்டில் 'வி.டி., ஷாக் கொடுக்கப்பட்டது' என்று ஒரு வரி இருக்கும், இ.சி.ஜி. இருக்காது. எங்களிடம் வரும்போது இதயம் ஒழுங்காகத் துடித்துக்கொண்டிருக்கும்.

வி.டி.யே வராமல் தடுப்பதும் இங்கேதான் தொடங்குகிறது. மாரடைப்பில் அடைபட்ட குழாய் எவ்வளவு சீக்கிரம் திறக்கிறதோ தழும்பு அவ்வளவு சிறிது. தமிழ்நாட்டில் 2,420 மாரடைப்பு நோயாளிகளைக் கொண்டு, சிறிய மருத்துவமனைகளைப் பெரிய மையங்களோடு இணைத்து நடத்திய ஆய்வு 2017இல் வெளிவந்தது. கோவையின் தாமஸ் அலெக்சாண்டர், சென்னையின் அஜித் முல்லசாரி முதலியோர் செய்தது. ஓராண்டு மரண விகிதம் 17.6இலிருந்து 14.2 சதவீதமாகக் குறைந்தது. 2023இல் தொடங்கிய இதயம் காப்போம் திட்டத்தின் கீழ் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், அட்டர்வாஸ்டாட்டின் மாத்திரைகளை உடனே தருகிறார்கள். நெஞ்சுவலியை வாயு என்று நினைத்து விடியும்வரை பொறுத்திருக்கும் ஒவ்வோர் இரவும் தழும்பைப் பெரிதாக்குகிறது.

மருத்துவ மாணவர்களிடமும் செவிலியர்களிடமும் கேட்பது இதுதான். நோயாளி நினைவிழந்தாலோ இரத்த அழுத்தம் விழுந்தாலோ உடனே ஷாக் கொடுங்கள், இ.சி.ஜி.க்காக ஒரு நொடியும் காத்திருக்க வேண்டாம். அழுத்தம் நிற்கிறது, பேசுகிறார் என்றால், ஊசி போடும் முன் பன்னிரண்டு கோணத்து இ.சி.ஜி. எடுங்கள். ஒரு நிமிட வேலை. முழு இ.சி.ஜி. முடியாவிட்டால் மானிட்டர் தாளாவது வேண்டும். அகன்ற கூர்முனையோடு வேகத் துடிப்பு, பழைய மாரடைப்பு இருக்கிறது என்றால் அது வி.டி. என்றே எடுத்துக்கொள்ளுங்கள், அங்கே வெராபமில் ஆபத்து. துடிப்பு நின்றபின் இன்னோர் இ.சி.ஜி. எடுங்கள். எந்த மருந்து, எத்தனை ஜூல் ஷாக், எத்தனை மணிக்கு நின்றது என்று தாளிலேயே எழுதுங்கள். இ.சி.ஜி. தாள் வெப்பத்தில் மங்கிவிடும் தாள். வெயிலில் சட்டைப் பையில் வைத்தால் சில மாதத்தில் வெள்ளையாகிவிடும். ஆகவே கைப்பேசியில் தெளிவாக ஒரு படம் எடுங்கள், ஒரு நகலை எடுத்து நோயாளியின் மகனிடமோ மகளிடமோ கொடுங்கள், இன்னொன்றைக் கேஸ் ஷீட்டில் வையுங்கள். ஐ.சி.டி. வைத்தவர் என்றால் அதன் அட்டையையும் நகல் எடுங்கள். பெயர், தேதி, நேரம் மூன்றும் தாளில் இருக்கிறதா என்று அனுப்பும் முன் ஒருமுறை பாருங்கள்.